ஃபார்மட் செய்து பாருங்கள் என்போருக்கு

லினக்ஸில் ஒரு பென் டிரைவ் திறக்கவில்லை என்று சொன்னதும், என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேளாமல், "ஃபார்மட் செய்து பாருங்கள்" என்று அறிவுரை வழங்குகிறவர் யாராக இருந்தாலும், அவர் கையில் ஏட்டுச்சுவடி எதையும் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் தரப்பு. கடுமையாகச் சொல்கிறோம் என்று சிலர் வருந்தக்கூடும். வருந்தட்டும். கடந்த சில மாதங்களில் இதே அறிவுரையை ஐந்து பேரிடமிருந்து பெற்றோம். இருவர் கணினித் துறையில் இருப்பவர்கள். மூவர் எங்களைப் போல எழுத்தோடு காலம் கழிப்பவர்கள். ஐவரும் சொன்னது ஒரே வாக்கியம். அழித்துவிடுங்கள் என்பதை யாரும் அழித்துவிடுங்கள் என்று சொல்வதில்லை. ஃபார்மட் என்ற சொல்லுக்கு வீட்டைப் பெருக்கித் துடைப்பது போன்ற ஒரு நல்ல பெயர் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது.

விஷயம் இதுதான். சென்ற ஆண்டு காலமான மூத்த நண்பர் ஒருவர், வாழ்நாள் முழுக்க மெய்ப்புத் திருத்துவதிலேயே கழித்தவர். பிறர் புத்தகங்களின் பிழைகளை நீக்கினாரே ஒழியத் தன் பெயரில் ஒரு புத்தகம் போட்டுக்கொண்டதில்லை. ஈய எழுத்துகள் மறைந்த காலத்தைப் பற்றியும், கையால் எழுத்துக் கோத்த கம்பாசிட்டர்களைப் பற்றியும் அவர் கட்டுரைகள் எழுதி வருகிறார் என்பது எங்களில் சிலருக்குத் தெரியும். படிக்கக் கேட்டால், "முடியட்டும், தருகிறேன்" என்பார். அது முடிவதற்குள் அவர் போய்விட்டார். காரியங்கள் எல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து அவருடைய மகள் எங்களைத் தேடி வந்து, மாத்திரை உறை ஒன்றுக்குள் மடித்து வைத்திருந்த எட்டு ஜிபி பென் டிரைவைக் கொடுத்தார். "அப்பா இதுலதான் எல்லாத்தையும் வச்சிருந்தாங்க" என்றார். அவர் தட்டச்சு செய்த பழைய கணினி எடைக்குப் போய்விட்டிருந்தது. ஆகவே உலகத்தில் இருந்த ஒரே பிரதி அந்த உறைக்குள்தான் இருந்தது.

எங்கள் கணினி லினக்ஸில் ஓடுவது. செருகினோம், திறக்கவில்லை. அப்போதுதான் அந்தப் பெண் சொன்னார்: தெருமுனையில் உள்ள சர்வீஸ் கடையிலும் திறக்கவில்லையாம். விண்டோஸ் கணினியில் போட்டதும், இந்த டிரைவைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது. கடைப்பையன் சுட்டியை அதன்மேல் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, "போட்டுடட்டுமாக்கா?" என்று கேட்டிருக்கிறான். "வேண்டாம் தம்பி, எடுத்துக் குடுத்துடு" என்று வாங்கி வந்துவிட்டார். அவருக்குக் கணினி நுட்பம் எதுவும் தெரியாது. அந்தப் பையன் கேட்ட தொனி பிடிக்கவில்லை, அவ்வளவே. ஒரு நூலாசிரியனின் பத்தாண்டு உழைப்பு அந்தப் பிடிக்காமையால்தான் பிழைத்தது.

எங்களுக்கு ஏன் இத்தனை கோபம் என்றால், நாங்களும் ஒருமுறை போட்டுவிட்டவர்கள். 2016-இல் ஒரு கடிதத் தொகுப்பு எங்களிடம் வந்தது. நின்றுபோன சிறுபத்திரிகை ஒன்றின் ஆசிரியருக்கு வாசகர்கள் எழுதியவை. ஒரு நண்பர் விடுமுறை நாள்களில் உட்கார்ந்து தட்டச்சு செய்து, மூலக் கடிதங்களை உரியவர் வீட்டில் ஒப்படைத்திருந்தார். அந்த வீட்டின் தரைத்தளம் 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. காகிதமாக ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சியது தட்டச்சுப் பிரதி, ஒரு பென் டிரைவில். அது திறக்கவில்லை. எங்களில் ஒருவர் (பெயர் வேண்டாம், இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்) ஃபார்மட் செய்தார். உடனே திறந்தது, வெறும் வெள்ளையாக. அதோடு விட்டோமா? நன்றாகத்தான் வேலை செய்கிறது என்ற மகிழ்ச்சியில் ஒரு கூட்டத்தின் ஒளிப்பதிவுகளை அதில் விளிம்புவரை நிரப்பினோம். விரைவு ஃபார்மட் பெரும்பாலும் முகப்பையும் அட்டவணையையும்தான் துடைக்கிறது, உள்ளே உள்ளவை மேலெழுதப்படும்வரை மீட்கக் கூடியவை என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். மேலெழுதியவர்களும் நாங்களே. வெள்ளம் விட்டுவைத்ததை நாங்கள் அழித்தோம்.

நிற்க. நம் இலக்கியச் சூழலின் ஒரு விசித்திரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு கவிதையில் இருக்கும் காற்புள்ளிக்காக மூன்று மணி நேரம் சண்டையிடுகிறவர்கள் நாம். பிரதியை வாசிப்பது, வரிகளுக்கு இடையே வாசிப்பது, வாசிப்பின் அரசியல் என்று கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளியவர்கள். இதே ஆசாமிகளின் முன்னால் ஒரு கணினித் திரை ஒரு வரியைக் காட்டட்டும், அதை வாசிப்பதில்லை. கையால் தள்ளிவிட்டு, "ஏதோ எர்ரர் வருது" என்கிறார்கள். என்ன எர்ரர் என்று கேட்டால், "ஏதோ இங்கிலீஷில் நீளமா வந்தது" என்கிறார்கள். ஃபூக்கோவை ஆங்கிலத்தில் படித்தவர்கள் சொல்லும் பதில் இது. லினக்ஸில் பென் டிரைவ் திறக்காத பிரச்சினை பத்துக்கு ஏழெட்டு முறை வாசிக்காத பிரச்சினை என்று சொல்லத் துணிகிறோம்.

மவுண்ட் செய்வது என்றால் என்ன? பெருங்கணினிகளின் காலத்தில் காந்த நாடாச் சுருளை ஓர் ஆள் கையால் தூக்கிக் கருவியில் ஏற்றி வைத்தார். அந்த ஏற்றுதலின் பெயர்தான் இன்னும் நிற்கிறது. விண்டோஸில் இருப்பது போல சி, டி, ஈ என்று தனித்தனி அறைகள் லினக்ஸில் கிடையாது. எல்லாக் கோப்புகளும் ஒரே மரம். வெளியிலிருந்து வரும் டிரைவை அந்த மரத்தின் ஒரு கிளையில் ஒட்டுப்போட வேண்டும். ஒட்டுப்போடும் முன், இயங்குதளத்தின் உள்மையமாகிய கெர்னல், வந்திருப்பதன் முதல் பக்கத்தைப் படிக்கிறது. இது எந்த வகைக் கோப்புமுறை, அட்டவணை எங்கே தொடங்குகிறது, ஒரு துண்டின் அளவு என்ன என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். நூலுக்குப் பாயிரம் எப்படியோ அப்படி. பாயிரத்தைப் படித்து ஒன்றும் விளங்கவில்லை என்றால் கெர்னல் ஒட்டுப்போட மறுக்கிறது. இந்த மறுப்பைத்தான் நம்மவர்கள் கோளாறு என்கிறார்கள். எங்களுக்கு அது நாணயமாகப் படுகிறது. தனக்கு விளங்காத சுவடியைக் கையில் வாங்கிய ஒருவர், "இது எனக்கு விளங்கவில்லை, வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். இன்னொருவர், "இது எனக்கு விளங்கவில்லை, வெற்றோலை ஆக்கித் தரட்டுமா?" என்கிறார். யாரிடம் கொடுப்பீர்கள்?

உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் போனபோது, அங்கே கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட செய்தியை எழுதி வைத்திருக்கிறார். அப்படிச் செய்ய வேண்டும் என்று ஆகமத்தில் இருக்கிறதாம். படித்துப் பயில்கிறபோது நாம் எல்லோரும் அந்த இடத்தில் பதறியவர்கள்தாம். சர்வீஸ் கடையில் அந்தப் பெட்டி கேட்டதும் அதே ஆகமம்தான். முறைப்படி, மரியாதையாக, ஆம் இல்லை என்று இரண்டு பொத்தான்களுடன் கேட்டது.

லினக்ஸ் அன்பர்கள் இதைப் படித்துப் பூரிக்க வேண்டாம். உங்களிடமும் எங்களுக்கு வழக்கு உண்டு. டிரைவ் திறக்காதபோது திரையில் முதலில் வரும் அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். தமிழில் சொன்னால் ஏறத்தாழ இப்படி வரும்: "தவறான கோப்புமுறை வகை, அல்லது பொருந்தாத விருப்பத்தேர்வு, அல்லது பழுதான தலைமைத் துண்டு, அல்லது எழுத்துக்குறிப் பக்கமோ துணை நிரலோ இல்லை, அல்லது வேறு பிழை." இது வாக்கியமா? ஐந்து சாட்சிகளை ஒரே நேரத்தில் கூண்டில் ஏற்றிவிட்டு நீதிபதி எழுந்து போய்விட்டார். அதிலும் அந்தக் கடைசி "வேறு பிழை" இருக்கிறதே, விருதுக் குழு அறிக்கைகளில்கூட இத்தனை சாமர்த்தியத்தை நாங்கள் கண்டதில்லை. இதை எழுதியவரை எங்கள் மெய்ப்புத் திருத்துநர் உயிரோடு இருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார்.

ஆனால் இந்த வாக்கியத்தின் பழைய வடிவங்களில் இன்னொரு வரியும் இருந்தது: சில நேரங்களில் பயனுள்ள தகவல் கணினியின் பதிவேட்டில் கிடைக்கும், அங்கே போய்ப் பாருங்கள் என்று. அந்த வரிதான் சாவி. கெர்னல் தான் செய்வதையெல்லாம் ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே இருக்கிறது. முனையத்தில் டி, எம், ஈ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகளைத் தட்டினால் அந்த நாட்குறிப்பு விரியும். இப்போதைய பல லினக்ஸ் வெளியீடுகளில் முன்னால் சூடோ என்று சேர்த்து நிர்வாகியாகக் கேட்க வேண்டும். பென் டிரைவைச் செருகிய பத்து விநாடிக்குள் இதைப் பார்த்தால், கடைசி இருபது வரிகள் முழுக்க அதைப் பற்றியவையாகவே இருக்கும். தொடர்கதையின் கடைசி அத்தியாயம் போல, நடந்தது என்ன என்று பெயர் சொல்லி எழுதியிருக்கும்.

ஒரு நியாயமான குறை இங்கே உண்டு. இந்த நாட்குறிப்பு ஆங்கிலத்தில் மட்டுமே எழுதப்படுகிறது. மேசைச் சூழல்களின் பட்டியல்களையும் பொத்தான்களையும் தன்னார்வலர்கள் பல்லாண்டு உழைத்துத் தமிழாக்கினார்கள். கெர்னலின் வரிகளுக்கு அந்த ஏற்பாடே இல்லை. உலகத்து இலக்கியமெல்லாம் தமிழில் வர வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிற நாம், நம் வீட்டு மேசைமீது தினமும் எழுதப்படும் பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு உரை எழுதிக்கொள்ளவில்லை. அந்த உரையை இங்கே கொஞ்சம் செய்துவிடுகிறோம்.

நாட்குறிப்பில் ஒரு வரியுமே புதிதாக வரவில்லை என்றால், வழக்கு கோப்புமுறையைப் பற்றியதே அல்ல. டிரைவ் வந்ததே கணினிக்குத் தெரியவில்லை. துளையை மாற்றுங்கள், நீட்டிப்பு வடத்தை எடுத்துவிட்டு நேராகச் செருகுங்கள், வேறு கணினியில் பாருங்கள். எங்கும் மௌனம் என்றால் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு போயிருக்கலாம். அது மென்பொருளின் எல்லைக்கு அப்பால். வரிகள் வந்து, டிரைவின் பெயரும் வந்து, கொள்ளளவு மட்டும் பூஜ்யம் என்று வந்தாலும் ஏறக்குறைய அதே கதி. எல், எஸ், பி, எல், கே என்று தட்டினால் கணினி கண்டுகொண்ட டிரைவுகளும் அவற்றின் பகுதிகளும் பட்டியலாக வரும். எஸ்டிபி, எஸ்டிபி1 என்பது போன்ற பெயர்களில். அளவு சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

"எக்ஸ்ஃபேட் என்ற கோப்புமுறை எனக்குத் தெரியாது" என்று வந்தால் அதன் பின்னால் ஒரு அரசியல் கதை இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்த இந்த முறையின் முழு வரைவை 2019 ஆகஸ்டில்தான் பொதுவெளியில் வைத்தது. பதின்மூன்று ஆண்டுகள், கடையில் வாங்கும் பெரிய மெமரி கார்டெல்லாம் இந்த முறையில் எழுதப்பட்டு வந்தும், லினக்ஸ் கெர்னலுக்குள் அதற்கு இடமில்லை. தலைகீழாகப் பிரித்துப் பார்த்துக் கற்றவர்கள் எழுதிய துணை நிரலைத் தனியே நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. 2020-இல் வந்த 5.7 கெர்னலிலிருந்துதான் சாம்சங் அளித்த நிரல் உள்ளேயே ஒழுங்காக இடம்பெற்றது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில், "லினக்ஸில் ஒன்றும் திறக்காது" என்று எங்களிடம் எக்களித்த நண்பர்களுக்கு இதைச் சொல்லிக்கொள்கிறோம்: அது தெரியாமை அல்ல, தெரிவிக்கப்படாமை. இன்றைக்கும் பழைய வெளியீடு ஒன்றை வைத்துக்கொண்டிருப்பவர்கள் அந்தத் துணை நிரலை நிறுவினால் போதும். டிரைவில் எந்தக் குறையும் இல்லை. ஃபார்மட் செய்வதாவது!

"வகை வீஃபேட் தெரியாது" என்று வருவது இன்னும் வேடிக்கை. வீஃபேட் தெரியாத லினக்ஸ் எங்கே இருக்கிறது? சில வெளியீடுகளில் காலையில் கெர்னலைப் புதுப்பித்துவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யாமல் விட்டிருப்பீர்கள். ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னல். அதற்குரிய துணைக்கூறுகள் வட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. அணைத்துப் போடுங்கள், திறக்கும். எழுத்துக்குறிப் பக்கம் 437 காணவில்லை என்று வந்தாலும் பெரும்பாலும் இதே காரணம்தான். அணைத்துப் போட வேண்டிய ஒன்றுக்காக அழித்துப் போட்டவர்கள் எத்தனை பேரோ.

என்டிஎஃப்எஸ் முறையில் எழுதப்பட்ட டிரைவுகள், குறிப்பாகப் பெரிய வெளி வன்தட்டுகள், "விவரங்கள் விண்டோஸின் நினைவில் இருக்கின்றன, ஏற்ற மறுக்கிறேன்" என்ற பொருளில் ஒரு வரியைத் தரும். எங்களுக்கு மிகப் பிடித்த வரி இது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, அணைத்துவிட்டோம் என்று நாம் நினைக்கும்போது விண்டோஸ் உண்மையில் அணைவதில்லை. வேகமாக எழுந்துகொள்வதற்காக அரைத்தூக்கம் போடுகிறது. இன்னொருவர் பாதி எழுதி வைத்துவிட்டுப் போன பக்கத்தில் நான் கைவைக்க மாட்டேன் என்று லினக்ஸ் ஒதுங்கி நிற்கிறது. அதே விண்டோஸ் கணினிக்குக் கொண்டுபோய், முறைப்படி விடுவித்து, முழுக்க அணைத்துவிட்டு வந்தால் தீர்ந்தது.

இந்த இடத்தில்தான் லினக்ஸ் மேதாவிகளின் அறிவுரை குறுக்கே வரும். "ஃபோர்ஸ் என்று ஒரு விருப்பக்குறி இருக்கிறது, சேர்த்துப் போடு" என்பார்கள். ஒரு வரியை எறிந்துவிட்டுப் போவார்கள். அது என்ன செய்யும் என்று சொல்ல மாட்டார்கள். கேட்டால் கையேட்டைப் படி என்பார்கள். ஃபார்மட் ஆசாமிக்கும் ஃபோர்ஸ் ஆசாமிக்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. ஒருவர் ஏட்டை எரிக்கிறார். மற்றவர் ஒட்டியிருக்கும் ஓலைகளைப் பலங்கொண்டமட்டும் பிரிக்கிறார். இருவருக்கும் வாசிக்கப் பொறுமை இல்லை. எஃப்எஸ்சிகே என்ற சரிபார்ப்பு நிரலையும் இவர்கள் எடுத்த எடுப்பில் ஓட்டச் சொல்வார்கள். டிரைவை எழுதும் பாதியில் பிடுங்கியதால் வந்த சிறு கறைகளுக்கு அது நல்ல மருந்துதான், மறுப்பதற்கில்லை. ஆனால் சரிபார்ப்பது என்ற பெயரில் அது திருத்தவும் செய்கிறது. ஒரே பிரதியின் மேல் திருத்தம் எழுதலாமா என்பதை மெய்ப்புத் திருத்துகிறவர்களைக் கேளுங்கள். 'என்' என்ற விருப்பக்குறியோடு ஓட்டினால் பார்த்து மட்டும் சொல்லும், எழுதாது என்பதை அந்த மேதாவிகள் ஏன் சொல்வதில்லை?

எங்கள் நண்பருடைய டிரைவுக்கு வருவோம். நாட்குறிப்பில் இரண்டு வரிகள் இருந்தன. "ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை போலியானது" என்பது முதல் வரி. "செல்லத்தக்க ஃபேட் கோப்புமுறை காணப்படவில்லை" என்பது இரண்டாவது. இரண்டாவதை மட்டும் படிக்கிறவர் எல்லாம் போயிற்று என்று கைவிடுவார். முதலாவது சொல்வது வேறு. பாயிரத்தில் எழுதியிருக்க வேண்டிய ஓர் எண் இருக்கக் கூடாத மதிப்பில் இருக்கிறது. அதாவது பாயிரம் கெட்டிருக்கிறது. நூல் கெட்டதாக அந்த வரி சொல்லவில்லை.

ஃபேட்32 முறையைச் சமைத்தவர்கள் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அரைக் கிலோபைட் அளவுள்ள அந்த முதல் செக்டர் கெட்டுப்போகக் கூடும் என்று எண்ணி, அதன் நகல் ஒன்றைச் சற்றுத் தள்ளி, பூஜ்யத்திலிருந்து எண்ணினால் ஆறாவது செக்டரில், வைத்துவிடுகிறார்கள். கோப்பு அட்டவணையையும் வழக்கமாக இரண்டு பிரதிகளாக எழுதுகிறார்கள். ஒன்றை மட்டும் நம்பக் கூடாது என்பது பென் டிரைவுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, வெளியே அதை ஒற்றைப் பிரதியாக மாத்திரை உறையில் வைத்திருந்த நமக்குத்தான் தெரியவில்லை.

முதலில் ஒன்றையும் தொடாமல் படியெடுத்தோம். அந்தோனியோ தியாஸ் தியாஸ் என்பவர் எழுதிய டிடிரெஸ்க்யூ என்ற நிரல் இதற்கென்றே இருக்கிறது. டிரைவை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்டுவரை அப்படியே ஒரு கோப்பாகப் பெயர்த்தெடுக்கும். படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல், அதைக் குறித்துவைத்துவிட்டு, நல்ல பகுதிகளை முதலில் காப்பாற்றி, பிறகு திரும்பிவந்து முயலும். சாமிநாதையரின் ஏட்டில் செல்லரித்த இடங்களைப் புள்ளியிட்டுக்கொண்டு மேலே போனது போலத்தான். ஒரு இரவு முழுக்க ஓடவிட்டோம். காலையில் பார்த்தபோது எட்டு கிலோபைட் மட்டும் படிக்கப்படவில்லை என்று குறிப்பு இருந்தது. பென் டிரைவைக் கழற்றி உறைக்குள் வைத்துவிட்டோம். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் படியின் படியில்தான்.

கிறிஸ்தோஃப் கிரெனியேவின் டெஸ்ட்டிஸ்க் நிரலில் அந்தப் படியைத் திறந்ததும் இரண்டு சொற்கள் வந்தன. பாயிரம்: பழுது. நகல்: நலம். நகலை எடுத்து முதல் இடத்தில் எழுதச் சொன்னோம். பிறகு அந்தப் படியை, படிக்க மட்டும் என்ற விருப்பத்தோடு மவுண்ட் செய்தோம். அறுபத்து மூன்று கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. எங்களில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். 2016-இல் ஃபார்மட் செய்தவர்.

உள்ளே எல்லாம் சாதாரண உரைக்கோப்புகள். அது அவருடைய சிக்கனம். திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் குப்பை போலத் தெரிந்தன. இந்த இடத்தில் இன்னொரு தரம் அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அது பாமினி எழுத்துருவில் அடித்த உரை. ஒருங்குறிக்கு மாற்றினால் தமிழ். பென் டிரைவ் திறந்த பிறகும் தமிழனுக்கு இன்னொரு மவுண்ட் பாக்கியிருக்கிறது என்று அதற்காக ஒரு தனிக் கட்டுரை எழுதலாம், இப்போது வேண்டாம்.

"இதெல்லாம் எதற்கு, ஆரம்பத்திலேயே மேகத்தில் ஏற்றி வைத்திருந்தால் தீர்ந்ததே" என்கிற தரப்பு ஒன்று இருக்கிறது. சரிதான். நாங்களும் இப்போது எதையும் மூன்று இடங்களில் வைக்கிறோம். அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்கிறது. ஆனால் அந்த அறிவுரை இறந்தவருக்குச் சொல்லப்படுவது. ஓய்வூதியம்கூட இல்லாத ஒரு மெய்ப்புத் திருத்துநர், மாதச் சந்தா கட்டி, கடவுச்சொல்லை மகளிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் ஒரு வசதிபடைத்தவரின் தோரணை இருக்கிறது. தமிழ்நாட்டில் இன்று நூற்றுக்கணக்கான எழுத்தாளர்களின் மேசை அறைகளில் இப்படிப் பென் டிரைவுகள் கிடக்கின்றன என்று நாங்கள் அஞ்சுகிறோம். ஃபிளாஷ் நினைவகம் எழுத்தை மின்னூட்டமாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது. மின்சாரம் கொடாமல் ஆண்டுக்கணக்கில் போட்டு வைத்தால் அது கசிந்துகொண்டே இருக்கும். பனையோலையைப் போல நூறாண்டு காத்திருக்கும் பண்டம் அல்ல. அவை ஒவ்வொன்றாக ஏதோ ஒரு கடையின் கணினியில் செருகப்படும். ஒரு பெட்டி கேட்கும். ஒரு தம்பி கேட்பான். வேண்டாம் என்று சொல்லும் மகள் எல்லா வீட்டிலும் இருப்பார் என்பதற்கு உறுதி ஏது?

அறுபத்து மூன்றில் அறுபத்திரண்டு கட்டுரைகள் முழுமையாகக் கிடைத்துவிட்டன, மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். படிக்க முடியாமல் போன அந்த எட்டு கிலோபைட், ஈய எழுத்துகளைக் கண்ணாடிப் பிம்பமாகவே வாசிக்கப் பழகி, அச்சான பக்கத்தைப் படிக்கும்போது தடுமாறிய ஒரு கம்பாசிட்டரைப் பற்றிய கட்டுரையின் நடுவில் விழுந்திருக்கிறது. அச்சில் மூன்று பக்கம் வரும். அந்த ஆள் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து தெருவில் நிற்கிறார் என்ற வாக்கியத்தின் பாதியில் எழுத்து நின்று, வேறு ஊரில், பல ஆண்டுகள் கழித்துத் தொடர்கிறது. நடுவில் புள்ளிகள் இட்டு அப்படியே வெளியிடுகிறோம். நண்பர் இந்தக் கட்டுரையை யாருக்காவது படிக்கக் கொடுத்திருந்தால், அச்செடுத்த தாளாகவோ வேறொரு பென் டிரைவிலோ உங்களிடம் இருந்தால், எங்களுக்கு எழுதுங்கள். டிரைவ் திறக்கவில்லை என்றால் திறக்காதபடியே கொண்டுவாருங்கள்.